வாய்க்காலில் நிற்கிற தண்ணீர்

காவிரியை ஒற்றைக் கையால் நிறுத்திய மனிதர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் சக்கரத்தை இந்தப் பக்கம் சுற்றினால் தஞ்சாவூர் ஜில்லாவே நாக்கைத் தொங்கப்போடும். அந்தப் பக்கம் சுற்றினால் கடலுக்கே மூச்சு முட்டும்.

சரி, கொஞ்சம் கூடத்தான் சொல்லிவிட்டேன். காவிரி இல்லை, கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து பூதலூர்ப் பக்கம் ஓடுகிற ஒரு வாய்க்கால். ஒற்றைக் கையும் இல்லை; இரண்டு கையோடு ஒரு காலையும் கொடுத்தால்தான் அந்தச் சக்கரம் அசையும். துருப்பிடித்த வருஷங்களில் என் வீட்டு விளக்கெண்ணெயும் தேவைப்பட்டது. ஆனால் நிறுத்தினார் என்பது நிஜம்.

அவர் பெயர் துரைக்கண்ணு. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலிடத்தில் சொல்கிற அளவுக்கு மதகின் கதவை ஏற்றுவது, இறக்குவது, கரையில் நடந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது: இதுதான் லஸ்கர் வேலை. ஏழை வேலைதான், ஆனால் தண்ணீர் வருகிற மாதங்களில் ஊரில் பெரிய மிராசுதாரும் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார். இறங்கி என்ன பிரயோசனம்? யாருக்காகவும் அரைச் சுற்று கூடுதலாகத் திறந்தவரில்லை. கல்யாணமான புதிதில் மாமனாரே வந்து மதகடியில் நின்று கெஞ்சியிருக்கிறார். "இன்னும் ஒரு மணி நேரம் விடுங்க மாப்ளே, நாத்து கருகுது." மாப்பிள்ளை மாமனாருக்குத் துண்டை விரித்து உட்காரச் சொன்னார், கதவை இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மனைவி கமலாம்பாள் ஒரு வாரம் ரசத்தில் உப்புப் போடவில்லை. ஒரு மாதம் என்றும் சொல்லலாம், கேட்பவரைப் பொறுத்தது.

யார் பேச்சையும் அவர் நம்புவதில்லை. வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் இருக்கிறவன் தண்ணீர் பாய்ந்த பிறகும் பாயவில்லை என்பான். அது முடிகிற கடைமடையில் இருக்கிற ஏழை, மேலே உள்ளவர்களுக்குப் பயந்துகொண்டு, வராத தண்ணீரை வந்தது என்பான். அதனால் துரைக்கண்ணு முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பார். கணுக்காலில் ஈரச் சேறு இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. புழுதி இருந்தால் வரவில்லை. இவ்வளவுதான் அவருடைய விசாரணை.

மூடுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. தை மாதம் ஆற்றில் தண்ணீரை நிறுத்தப்போகிறார்கள் என்றால் முதலில் கடைமடைக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மதகுக்கு வருவார். கதவை ஒரேயடியாக இறக்கமாட்டார். கொஞ்சம் இறக்கி, நின்று, தண்ணீரைப் பார்த்து, மறுபடி கொஞ்சம். முழுக்க மூடிய பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் அரை நாளாவது கடைசி வயலுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "கதவு மூடினாலும் வாய்க்கால் உடனே கையை விரிக்காதுக்கா" என்பார் என்னிடம்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சதீஷ், ஒரு கம்ப்யூட்டரையும் பிராட்பேண்ட் இணைப்பையும் வைத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைத் திரையில் பார்ப்பதற்கு. மற்ற நாட்களில் அந்த இணைப்பு சும்மாதானே கிடக்கிறது? ஓடுகிற தண்ணீரை ஒரு வீடு மட்டும் தேக்கி வைப்பது துரைக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. பாஸ்வேர்டைத் தெரு முழுக்கச் சொன்னார். அவர் வீடு தெருமுனையில் முதல் வீடு. கடைசி வீடு வரை எட்டவில்லை என்றதும் நடுவில் ஒரு மொட்டை மாடிச் சுவரில் சிக்னலை நீட்டுகிற இன்னொரு பெட்டி வைத்து, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தால் ஓட்டம் குறைகிறது என்று முறை வைத்தார். காலையில் படிக்கிற பிள்ளைகள், மத்தியானம் நான், சாயங்காலம் சீரியல்காரர்கள். என் முறையில் நான் பக்திச் சொற்பொழிவு கேட்பதாகத் தெருவில் நம்பினார்கள். நான் பார்த்தது மல்யுத்தம்.

கடைசி வீடு மளிகைக் கடை மீரா உசேனுடையது. அவர் மகள் மர்யம் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவள். பிறகு தமிழில் பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். மலேசியாவில் சில பெற்றோர்கள் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லித்தர ஆள் தேடினார்கள். மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை. இதற்கு முன் வேறொரு இடத்துக்கு அவள் எடுத்த மாதிரி வகுப்பு, செல்போனில் பாதியில் அறுந்து, வேலை இன்னொருத்திக்குப் போயிருந்தது. அவர்கள் வீட்டில் போன் சிக்னல் கிடைப்பது மாடிப்படியில் மட்டும்தான். மாடி கட்டி முடியவில்லை. படி பூசப்படாமல் வெறும் செங்கலாகக் கிடக்கிறது. அங்கே நின்று ஹலோ சொல்லலாம், கரும்பலகை வைத்துப் பாடம் நடத்த முடியாது. இந்தத் தடவை துரைக்கண்ணு வீட்டு இணைப்பை நம்பி, சனிக்கிழமை காலை என்று நாள் குறித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சதீஷ் கூப்பிட்டான். "அப்பா, இனிமே போன்லயே பேசிக்கலாம். அந்த கனெக்‌ஷன் வேணாம்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில ஆள் வந்து ரவுட்டரை எடுத்துக்குவாங்க. கம்ப்யூட்டரைக் கழட்டி மூடி வைங்க."

துரைக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கடைசி வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

"ஏம்மா மர்யம், நாளைக்கு மூடறோம். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "மாமா, நாளைக்குத்தான் என் கிளாஸ். பத்து மணிக்கு."

"அதுக்கென்ன? அங்க மூடினாலும் வயர்ல நிக்கிறது கடைசி வீட்டுக்கு ஓடித்தானே ஆகணும். உன் கிளாஸ் முடியற வரைக்கும் வரும். பயப்படாதே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "சரிங்க மாமா" என்றாள். வகுப்பு முடிகிறவரை மாமா மூடமாட்டார் என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, பாடம் தொடங்கியிருக்கும் நேரம், சுஹைப் என்ற பையன் வந்தான். கம்பெனிச் சட்டை, முதுகில் பை. துரைக்கண்ணு குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, மதகுக்குப் போவதுபோலத் தயாராக இருந்தார். ரவுட்டர் பிளக்கின் மேல் கை வைத்துக்கொண்டு பேச்சுவாக்கில் கேட்டார்.

"தம்பி, இதைப் புடுங்கினா வயர்ல நிக்கிறது எவ்வளவு நேரம் ஓடும்?"

"எதுங்கய்யா நிக்கிறது?"

"ஏற்கெனவே வந்தது. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வேணாமா?"

சுஹைப் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. "ஒண்ணும் நிக்காதுங்கய்யா. இங்க புடுங்கினா அதே நிமிஷம் அங்கயும் போயிடும். முதல் வீடு, கடைசி வீடு எல்லாம் ஒண்ணுதான்."

பிளக் சுட்டதுபோல அவர் கையை எடுத்தார்.

கொஞ்ச நேரம் காத்திருப்பா என்று கேட்டிருக்கலாம். அந்தப் பையனும் மாட்டேன் என்றிருக்கமாட்டான். ஆனால் அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. எத்தனையோ பேர் அவரிடம் கேட்ட சொல் அது; அத்தனை பேருக்கும் இல்லை என்று சொன்னவர் அவர். இப்போது தனக்கு வேண்டும் என்றதும் அதை எடுத்து நீட்ட அவரால் முடியவில்லை.

பிறகு நிமிர்ந்தார். "தம்பி, எங்க டிபார்ட்மென்ட்ல ஒரேடியா மூடற வழக்கம் கிடையாது. கரை உடையும்."

"எனக்கு ரவுட்டர் மட்டும் போதும்ங்கய்யா."

"அது கடைசியில."

கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தார். திரை கறுப்பாகும்வரை கைகட்டி நின்றார். மௌஸ் வயரைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, சுருட்டி, வாழைநாரால் கட்டினார். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார்; அதிலிருந்து பல வருஷத்து முறுக்குத் தூள் கொட்டியது. அதைப் பெருக்கினார். கமலாம்பாள் சுஹைபை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். நான் அவனுக்குக் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது வைக்கோல் போரின் மேல் உட்கார்ந்தபடியே நான் கும்பகோணம் வரை போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னேன். அவன் நம்பினான். நல்ல பையன்.

ஸ்பீக்கர் முடிந்தது. மானிட்டருக்கு ஒரு தலையணை உறை போட்டாயிற்று. யாருக்கும் அரைச் சுற்று கொடுக்காதவர் அன்றைக்கு ஒவ்வொரு வயரிலும் அரை அரைச் சுற்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுஹைபின் போன் அடித்தது. அடுத்து அவன் போக வேண்டிய வீட்டில் காத்திருக்கிறார்களாம். அவன் எழுந்து நின்றான். மேஜையில் ரவுட்டர் பெட்டி ஒன்றுதான் மிச்சம்.

"எடுத்துக்க தம்பி" என்று துரைக்கண்ணுவே பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாகவே அணைந்தன. முன்னது பின்னது என்ற வரிசைகூட இல்லை. அவர் அந்த இருட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மனிதர்கள் மூடினாலும் உடனே விட்டுப் போகாத ஒன்றோடு பிழைத்தவர். இப்படி மறுநொடியே இல்லாமல் போகிற ஒன்றை அவர் அதுவரை மூடியதில்லை.

பெட்டியோடு சுஹைப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து மர்யம் ஓடிவந்தாள். செருப்புகூடப் போடவில்லை. மூச்சு வாங்கியது.

"மாமா! கிளாஸ் நல்லா முடிஞ்சிடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே கடைசி வரைக்கும் வந்துச்சு."

துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீரை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "நல்லதும்மா" என்றார்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் சம்பளத்தில் அவளே ஓர் இணைப்பு எடுத்துவிட்டாள். மாடிச் சுவரில் குடத்தடியில் இருக்கிற பெட்டி இப்போது எதிர்ப்பக்கமாகத் தெருவுக்குக் கொடுக்கிறது. தலைப்பு மர்யம் வீடு. கடைமடை துரைக்கண்ணு வீடு. முறை வைக்கிற அதிகாரம் மட்டும் இன்னும் அவரிடமே இருக்கிறது. என் மல்யுத்தத்துக்கும் குறைவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று துரைக்கண்ணு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கமலாம்பாள், ரசத்தில் உப்புப் போடாதது ஒரே ஒரு நாள்தான் என்றாள். அதை நான் திருத்தப்போவதில்லை. துரைக்கண்ணு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் திறந்தார்.

"ஒரு இடம் தப்புக்கா. அன்னிக்கு கிளாஸ் முடியல. நான் புடுங்கினதும் பாதியில போயிடுச்சு."

"ஐயோ மாமா, முடிஞ்சதுன்னு நான்தானே வந்து சொன்னேன்!" என்றாள் மர்யம்.

"நீ சொன்னேம்மா. நான் உன் காலைப் பாத்தேன். கணுக்கால் வரைக்கும் செங்கல் தூசி. பாதியில போனதும் போனைத் தூக்கிட்டு மாடிப்படிக்கு ஓடி, மிச்சப் பாடத்தை அங்க நின்னு சொல்லிக் குடுத்திருக்கே. என் தண்ணி அங்க வரவே இல்ல."