லத்தீன் வகுப்போடு நேப்பிள்ஸ் வரை

மகளின் லத்தீன் வகுப்பு இத்தாலிக்கு ஒரு வாரச் சுற்றுலா போனது. அதற்கு நான் துணையாகப் போக நேர்ந்தது, பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கப் போனதால்.

ஆசிரியர் அன்று ஒரு சிக்கலைச் சொன்னார். கூட வர இருந்த விளையாட்டு ஆசிரியை சுவிஸ் மலைப்பகுதியான எங்கடினில் பனிச்சறுக்கும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவில் பொறுப்புக்கு ஒரு பெண்ணாவது போகவேண்டுமென்பது பாடசாலை விதி. “தாய்மாரில் யாராவது…” என்று அவர் இழுத்தபோது நான் கையை உயர்த்தினேன். புறப்படும் நாளில் பிள்ளைகள் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்கத்தான் உயர்த்தினேன். அவர் முகம் மலர்ந்து நன்றி சொன்னார். மற்றப் பெற்றோர் கை தட்டினார்கள். கைதட்டு வாங்கிய பிறகு “நான் நேரம் கேட்க வந்தனான்” என்று ஜெர்மன் மொழியில் விளக்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. நேரத்தையும் கடைசிவரை கேட்கவில்லை.

நான் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். எடுக்காத விடுமுறை நிறையக் கிடந்ததால் அங்கே தடையொன்றும் வரவில்லை. வீட்டில்தான் விசாரணை நடந்தது.

“நீர் அங்க போய் என்ன செய்யப் போறீர்?” என்று கணவர் கேட்டார்.

“பிள்ளையளை எண்ணுறது.”

“எண்ணி?”

“குறைஞ்சால் வாத்தியாருக்குச் சொல்லுறது.”

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அது செய்யக்கூடிய வேலைதான் என்றார்.

மகளுக்குப் பதினேழு வயது. செய்தி கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருந்தாள். வெளியே வந்தபோது “அம்மா, சரியான பைன்லிக்” என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு இங்கே பிறந்த பிள்ளைகள் சொல்லும் சொல் அது. பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள். டப்பாவில் புட்டுக் கொண்டு வரக்கூடாது. எல்லோருக்கும் முன்னால் அவளைச் செல்லமாகக் குஞ்சு என்று கூப்பிடக்கூடாது. ரயிலில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். எனக்கும் அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஏழு மணித்தியாலம் அவளுடைய முகத்தைப் பார்க்க விருப்பமில்லை.

இத்தாலிக்கு நான் முன்பும் ஒருமுறை போயிருக்கிறேன். அகதியாக வந்தபோது, ஜன்னல் இல்லாத ஒரு வாகனத்தில். ஆகவே இயற்கைக் காட்சிகளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை. இந்த முறை ஜன்னல் இருந்தது. மிலானுக்குப் பிறகு நெல் வயல்கள் வந்தன. இத்தாலியில் நெல் விளைகிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைப் பார் என்று நான் சொல்வதற்கு, மகள் நான்கு இருக்கைகள் தள்ளி இருந்தாள்.

நேப்பிள்ஸுக்குத் தெற்கே சொரெந்தோவில் கடலுக்கு மேலே ஒரு இளைஞர் விடுதியில் தங்கினோம். மறுநாள் பொம்பேய், வெசூவியஸ் எரிமலை புதைத்த பழைய ரோம நகரம். ஆசிரியர் ஐம்பது தாண்டியவர், மெலிந்தவர், எப்போதும் ஒரே சாம்பல் நிறத் தொப்பி. இருபது வருடமாக ஒவ்வொரு வகுப்பையும் அந்த இடத்துக்குக் கூட்டி வருகிறாராம். வெயிலில் கல் வீதிகளில் நடந்தோம். தெருவோரத்தில் பானைகள் இறக்கி வைக்கக் குழி வெட்டிய கல் மேடைகள் இருந்தன, சாப்பாட்டுக் கடைகளாம். பிள்ளைகள் அந்தக் குழிகளுக்குள் கையை விட்டுப் படம் எடுத்தார்கள். நான் எண்ணினேன். சரியாக இருந்தது.

ஓரிடத்தில் சுவரில் வெட்டிய எழுத்தை வாசிக்கச் சொல்லி ஆசிரியர் வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். பிறகு என் மகள் வாசித்தாள். வாசித்து, ஜெர்மன் மொழியில் பொருளும் சொன்னாள். வீட்டில் தண்ணீர்க் குவளையை மேசையில் இருந்து எடுத்து வைக்கச் சொன்னாலே விளங்காத மாதிரி நிற்கிற பிள்ளை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். ஆசிரியர் தலையாட்டிவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்.

அதற்குப் பிறகு கண்ணாடிப் பெட்டிகளுக்கு வந்தோம். சாம்பலுக்குள் புதைந்த மனிதர்களின் உருவங்கள், விழுந்தபடியே, முகத்தைக் கையால் மூடியபடி. மலை குமுறத் தொடங்கிய பிறகும் ஓடுவதற்கு நேரம் இருந்தது, பலர் ஓடினார்கள், ஆனால் இது நின்றுவிடும் என்று நினைத்து வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு என்று ஆசிரியர் விளக்கினார். ஏன் இருந்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள் என்றார் அவர். ஊரில் ஷெல் விழுந்தபோது ஓடாமல் இருந்ததற்கு எங்கள் வீட்டில் சொன்ன காரணம், மாடு இருந்தது. பிள்ளைகளை எண்ணினேன்.

மூன்றாம் நாள் நேப்பிள்ஸ் நூதனசாலைக்குப் போனோம். அங்கே ஒரு பிசகும் நடக்கவில்லை. திரும்பும்போதுதான் நடந்தது. வெசூவியஸ் மலையடியால் போகும் உள்ளூர் ரயிலுக்காக நிலத்தடி மேடையில் நின்றோம். சனம் நெருக்கியது. ரயில் வந்ததும் ஆசிரியர் முன்னால் ஏறினார், பிள்ளைகள் பின்னால் ஏறினார்கள். ஒரு பெண் பிள்ளையின் செருப்பு வார் அறுந்து, செருப்பு மேடையில் கிடந்தது. அதை எடுக்க அவள் குனிந்தாள். அவளோடு அவளுடைய தோழிகள் மூன்று பேர் நின்றார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. பிள்ளைகளை விட்டுவிட்டு நான் ஏற முடியாது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆசிரியரின் தொப்பி நகர்ந்து போனது.

அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். பதற்றப்பட வேண்டாம், அடுத்த ரயிலில் வாருங்கள் என்று மிகவும் பதற்றமாகச் சொன்னார். அடுத்த ரயில் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் நீளமாக எதையோ அறிவித்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டு வெளியே நடந்தார்கள்.

“ஸ்ட்ரைக் அம்மா” என்றாள் மகள், தொலைபேசியைப் பார்த்து. “நாளைக்குக் காலமைதானாம் இனி ரயில்.”

மேலே வந்தோம். நாலு பிள்ளைகளும் நாலு தொலைபேசியில் வழி தேடினார்கள். ஒன்று பஸ் என்றது. ஒன்று கப்பல் என்றது. ஒன்று நடந்தால் பத்து மணித்தியாலம் என்றது. செருப்பு அறுந்தவள் அழத் தொடங்கினாள். தொப்பி போட்ட ஒரு ஊழியரிடம் மகள் போய் ஏதோ கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்து, வானத்தைக் காட்டி, நீண்ட பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். “அவருக்கும் வீட்ட போக ஏலாதாம்” என்றாள்.

அப்போது ஸ்டேஷன் வாசலில், கையில் இரண்டு பைகளோடு நின்ற ஒரு பெண் என்னிடம் வந்தாள். என் வயது இருக்கும். என் நிறம். வீட்டு வேலை முடிந்து திரும்புகிறவள் என்பது அவள் கைகளைப் பார்க்கவே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் கேட்டாள்:

“கொஹேத யன்னே?”

எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். நில், அடையாள அட்டை, எங்கே போகிறாய். யாழ்ப்பாணத்தில் பாடசாலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கற்றுக்கொண்டது. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் என் கை தானாகவே பைக்குள் போய், அடையாள அட்டையை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டது. சுவிஸ் அடையாள அட்டை.

அவள் அதை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “லஸ்ஸனய்” என்று சொல்லி, அட்டையைத் திருப்பித் தந்தாள்.

அழகாய் இருக்கிறதாம். அந்தச் சொல்லை எந்தச் சோதனைச் சாவடியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு சிங்களப் பெண் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அட்டையைப் பைக்குள் வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பையின் வாய் அகப்படவில்லை.

என் சிங்களம் அங்கே முடிந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஜெர்மன் தெரியாது. அவளுக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும். மகள் பாடசாலையில் படித்த பிரெஞ்சையும் லத்தீனையும் கலந்து, கையையும் சேர்த்து, அவளோடு கதைத்துப் பார்த்தாள். அது வேலை செய்தது. ஒரே தீவில் பிறந்த நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதற்கு, பேர்ணில் பிறந்த பிள்ளை ஒன்று இத்தாலியனில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது.

“பஸ்ஸில இண்டைக்கு ஏற ஏலாதாம் அம்மா. ஹார்பருக்குப் போனால் சொரெந்தோவுக்குக் கப்பல் இருக்காம். அவ கூட்டிக்கொண்டு போறாவாம்.”

“அவவுக்கு வீட்ட போக வேண்டாமோ எண்டு கேள்.”

கேட்டாள். வீடு எங்கேயும் போகாது என்று பதில் வந்தது.

அவள் முன்னால் நடந்தாள். உடுப்புக் காயும் கொடிகளுக்குக் கீழே, மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகும் ஒடுங்கிய சந்துகளால் கூட்டிப் போனாள். செருப்பு வாரை ஒரு மரக்கறிக் கடைக்காரரிடம் கொடுத்துக் கம்பியால் கட்டுவித்தாள். கடைக்காரர் அவளை முன்பே தெரிந்தவர் மாதிரிக் கதைத்தார். செருப்பு அறுந்தவள் அழுகையை விட்டாள், எல்லோரும் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

போகும் வழியில் எனக்கு ஊர் எது என்று கேட்டாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. “யாப்பனய” என்றேன். யாழ்ப்பாணத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர். அவள் பைகளைக் கை மாற்றிப் பிடித்தாள். பிறகு மகளிடம் எதையோ சொன்னாள்.

“அவவின்ர தம்பியும் யாழ்ப்பாணத்தில இருந்தவராம்.”

“என்ன வேலையாம்?” என்றேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

“சொல்தாத்தோ.” சிப்பாய் என்பதற்கு அந்தப் பெண் சொன்ன அந்த ஒற்றைச் சொல் ஐரோப்பிய மொழிகளில் ஏறக்குறைய ஒன்றுதான். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. நடந்துகொண்டே இருந்தோம்.

“திரும்பி வந்திட்டாரோ எண்டு கேள்.”

“வந்தவராம். ஒரு கால் இல்லையாம்.”

“இடதோ வலதோ?”

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. அவள் கேட்டுச் சொன்னாள். வலது கால். அந்தப் பெண் நடக்கும்போதே குனிந்து, தன் வலது முழங்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். அவள் பைகளில் ஒன்றை வாங்கி நான் தூக்கிக்கொண்டேன். அதில் உருளைக்கிழங்கு இருந்தது, நல்ல பாரம்.

துறைமுகத்தில் ரயில் கிடைக்காத ஊரே வரிசையில் நின்றது. அந்தப் பெண் வரிசையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு நேராக முன்னுக்குப் போய் உரத்த குரலில் கதைத்தாள். பிள்ளைகள், பாடசாலை, சுவிஸ் என்ற சொற்கள் எனக்கும் விளங்கின. செருப்புக்காரியின் காலைத் தூக்கிக் கம்பியையும் காட்டினாள். சனம் முணுமுணுத்தபடி வழிவிட்டது. பேர்ணில் நான் ஒரு நாளும் வரிசையை மீறியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனேன், ஆனால் போனேன்.

கப்பல் படிக்கட்டில் அவள் மற்றப் பையில் இருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து மகளின் கையில் வைத்தாள். மீன் பணிஸ், ஊரில் விற்கும் மீன்கறி வைத்த பன். நேப்பிள்ஸில் தங்கள் ஆட்களின் பேக்கரி இருக்கிறதாம். நான் பெயர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. “கிஹில்லா என்ன” என்றாள். போய்விட்டு வா என்றுதான் அர்த்தம் இருக்கவேண்டும்; போ என்று மட்டும் சொல்லும் முகம் அப்படி இருக்காது. “போட்டு வாறன்” என்றேன் தமிழில்.

கப்பலில் பிள்ளைகள் பணிஸைப் பிய்த்துப் பங்கிட்டுச் சாப்பிட்டு, உறைப்பில் தண்ணீர் குடித்தார்கள். இடது பக்கம் வெசூவியஸ் ஒரு வேலையும் இல்லாமல் நின்றது.

சொரெந்தோ துறையில் ஆசிரியர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். தலையில் முடி இவ்வளவு குறைவு என்பதை அன்றுதான் பார்த்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்தார். எனக்கும் கை கொடுத்தார், விட மறந்தார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். மகள் நடந்ததைச் சொன்னாள், தம்பியின் காலைத் தவிர. அவர் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் லத்தீன் உதவியது” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அவரை மறுத்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் கடற்கரை. மற்றவர்கள் நீந்தப் போன பிறகு மகள் துவாயோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“அம்மா, ஏன் அவவுக்கு ஐடி காட்டினீங்கள்?”

சொன்னேன். அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சட்டைக்குள் வைத்திருந்தது, மழையில் எழுத்து கரைந்துபோய் அரை நாள் வெயிலில் நிற்கவைத்தது, எல்லாம். அவள் மணலைக் கிளறிக்கொண்டே கேட்டாள். பிறகு, “அப்ப நீங்கள் என்ன வயசு?” என்றாள். பதினேழு என்றேன். அவள் எழும்பிப் போய்க் கடலில் இறங்கினாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் எழுந்து நின்று அவளுடைய தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேர்ணுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருக்கும் ஓஸ்டர்முண்டிகனுக்குத் திரும்பியதும் கணவர் இத்தாலி எப்படி என்று கேட்டார். பெஸ்தும் என்ற இடத்தில் பெரிய தூண் கோயில்கள் இருக்கின்றன, சாமி இல்லை என்றேன். மகள்தான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். இந்த முறை தம்பியையும் விடாமல் சொன்னாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினார்.

“யாழ்ப்பாணத்தில எந்த இடத்தில கால் போனதெண்டு கேட்டனீரோ?”

“இல்லை” என்றேன். “கேக்கேல்லை.”

“கேக்காமல் விட்டது நல்லது, எனக்குத் தெரிஞ்ச இடமாய் இருந்தாலும் இருக்கும்” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, உடுப்பு மாற்றி, ரெஸ்டோரண்டுக்கு வேலைக்குப் புறப்பட்டுப் போனார்.