தகப்பன் பெயர் என்ற கட்டம்

கம்பியூட்டர் படிப்பிக்கிறவள் என்றால் வயர் உள்ள எல்லாவற்றுக்கும் வைத்தியர் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பிரிண்டர், ரவுட்டர், ஒருமுறை ஒரு வீட்டில் கிரைண்டரைக்கூட முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். ஏலாது என்று சொல்ல நான் இன்னும் பழகவில்லை. அந்தச் சனிக்கிழமையும், ஐந்து நாள் வகுப்பில் கத்திய தொண்டையோடு, பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போனேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தை அப்படித்தான் சொல்வோம். அங்கேதான் அப்பாவின் ஊரும் அப்பாவின் கோயிலும்.

கோயில் செயலாளர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். நல்ல மனுசன், ஆனால் மவுஸ் எந்த நேரமும் கடித்துவிடும் என்பது போலத்தான் அதைத் தொடுவார். மெசினுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று போனில் சொல்லியிருந்தார். ஊர்க் குடும்பங்களின் பட்டியல் இருக்கும் புரோகிராமில் ஒரு பெண்ணின் பேர் ஒருநாள் அவளுடைய வம்சத்தில் இருக்கிறதாம், அடுத்த நாள் இல்லையாம். திங்கட்கிழமை திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகவேண்டும், ஒருக்கால் வந்து பாருங்கள் என்றார். ஒரே ஒரு தடவை என்கிற இந்த ‘ஒருக்கால்’ என்ற சொல்லை நம்பி நான் இழந்த சனிக்கிழமைகள் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெண்ணே, கந்தோர் என்று நாங்கள் சொல்லும் கோயில் அலுவலகத்தின் வாசலில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முப்பது வயது இருக்கும். எங்கள் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்கு, அதாவது ஒரு வம்சத்துக்கு, உரியது. அன்றைக்குப் பூசைச் சாமான்களை வைத்த மடைப்பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற முறை, அந்தக் குடிக்குள் வீடு வீடாகச் சுற்றி வரும். இந்த வருசம் இவள் வீட்டு முறை. முந்தி வந்தபோது இவளுடைய அம்மா கலியாணம் முடித்த புதிதாம். இப்போது அம்மா படுக்கையில் இருக்கிறா. நோட்டீசில் பேர் வராவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

“மறுகா முறை வாறதுக்குள்ள அம்மா இரிக்க மாட்டா, டீச்சர்,” என்றாள். அழவில்லை. பலரிடம் சொல்லிச் சலித்த குரலாக இருந்தது.

மெசினைத் திறந்தேன். பேயுமில்லை, பிசாசுமில்லை. ஒரே புரோகிராம் இரண்டு தரம் ஏற்றப்பட்டிருந்தது. திரையில் ஒரே பேரில் ஒரே மாதிரி இரண்டு படம், ஓர் உறைக்குள் இரண்டு கத்தி. செயலாளர் ஒருநாள் இதைத் தட்டியிருக்கிறார், ஒருநாள் அதைத் தட்டியிருக்கிறார். அவ்வளவுதான் பேய். விசாரித்ததில் கதை வந்தது. அவருக்கு முன்னே செயலாளராக இருந்தவர் காலமான பிறகு, திரையிலிருந்த படம் எப்படியோ காணாமல் போனது. பட்டியலே அழிந்துவிட்டது என்று நினைத்து இவர் அதே சீடியைப் போட்டு மறுபடி ஏற்றி, வீடு வீடாகப் படிவம் கொடுத்து, மாதக்கணக்காக இருந்து எல்லாவற்றையும் புதிதாக அடித்திருக்கிறார். போன மாதம் யாரோ திரையை ஒழுங்குபடுத்தப் போய்ப் பழைய படம் திரும்பி வந்துவிட்டது.

ரெண்டும் ஒன்றுதானே, பழையதை அழித்துவிட்டுப் போங்கள் என்றார் செயலாளர். எனக்கும் அதுதான் ஆசை. உடனே முடித்தால் பஸ்ஸைப் பிடிக்க நேரமிருந்தது.

நீக்குகிற இடத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு வரி, எழுத்துக்கு எழுத்து ஒன்று. பழையது சீ டிரைவிலும் புதியது டீ டிரைவிலும் இருப்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டியிருந்தது. அழிக்குமுன் இரண்டையும் திறந்து பார்த்தேன். புதியது துப்புரவாக இருந்தது. பழையதில் ‘தகப்பன் பெயர்’ என்ற கட்டம் முழுக்கப் பெண்களின் பேர். கிழவர்களுக்குக்கூடத் தகப்பன் என்று ஒரு பெண்ணின் பேர். கட்டங்கள் ஒன்றுக்கொன்று இடம்மாறிப் பட்டியல் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். பள்ளிக்கூடப் புள்ளிப் பட்டியல்களில் இந்தக் கூத்து நான் காணாததல்ல.

அப்படி முடிவுகட்ட எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. புதிய பட்டியலில் என் பேர் இருந்தது. எப்போதோ செயலாளர் தந்த படிவத்தை நிரப்பிக் கொடுத்ததை மறந்தே போயிருந்தேன். என் பேர், தகப்பன் கட்டத்தில் அப்பாவின் பேர், பக்கத்தில் அப்பாவின் குடி. என் அம்மா யாழ்ப்பாணம். சின்ன வயதில் திருவிழா முடிவில் குடி குடியாகக் கூப்பிட்டுக் காளாஞ்சி என்ற கோயில் மரியாதையைக் கொடுக்கும்போது அப்பா மட்டும் முன்னே போவார். நானும் அம்மாவும் கிணற்றடியில் செருப்புகளுக்குக் காவல் நிற்போம். அந்த வரியைப் பார்த்ததும் சந்தோசமாக இருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சந்தோசமாக இருந்தது.

சரி, இதில் வாசலில் இருக்கிறவளின் பேரைப் பார்த்துவிட்டு மற்றதை அழிப்போம் என்று தேடினேன். இருந்தாள். குடி என்ற இடத்தில் ‘ஏனையோர்’ என்று இருந்தது. அந்தப் புரோகிராம் கொழும்பில் யாரோ எழுதியது. தகப்பன் பேரைப் போட்டால் அவருடைய குடியைத் தானாகவே பிள்ளைக்கும் எழுதும். தகப்பனை அதற்குத் தெரியாவிட்டால் பிள்ளை ஏனையோர். அவளைக் கூப்பிட்டு, தகப்பன் எந்த ஊர் என்று கேட்டேன்.

“அப்பா வாகரை. அவருக்கு இஞ்ச குடி இல்ல டீச்சர். நான் அம்மாட குடிதானே? ஆரும் அப்பாட குடியில வாறதா?”

கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி. எனக்குத் தெரியாததா? தெரியும். அப்பா மட்டும் முன்னே போனதன் காரணமே அதுதானே. பழைய பட்டியலில் ஒரு பழுதும் இல்லை. காலமான அந்த மனுசன், தகப்பன் பேர் கேட்ட கட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தாயின் பேரை அடித்து, கொழும்புப் புரோகிராமுக்கு மட்டக்களப்பு முறையைப் படிப்பித்திருக்கிறார். கெட்டிக்காரன்! யாரிடமாவது சொல்லிவிட்டுச் செத்திருக்கலாம்.

பழைய பட்டியலில் அவள் சரியான இடத்தில் இருந்தாள், தாய்க்குக் கீழே, தாயின் குடியில். அப்பாவையும் தேடினேன். அவருடைய அம்மாவுக்குக் கீழே அப்பா இருந்தார். அப்பாவுக்குக் கீழே ஒருவருமில்லை.

செயலாளரிடம் சொன்னபோது நெற்றியில் அடித்துக்கொண்டார். தாய்வழி என்று தனக்குத் தெரியாதா, கட்டம் தகப்பன் என்று கேட்டது, அரசாங்கக் கந்தோரில் முப்பது வருசம் கேட்டதைத்தான் நிரப்பினேன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தக் கட்டத்தைத்தான் நம்பியிருந்தேன்.

பழையதை வைத்துக்கொண்டு புதியதை அழிப்பது என்று முடிவாயிற்று. ஆனால் பழையதில் இடைப்பட்ட வருசங்களில் பிறந்தவர்கள் இல்லை, கலியாணம் முடித்தவர்கள் இல்லை. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிய கதைதான். அன்று பின்னேரமும் ஞாயிறு முழுவதும் அவர் வாசிக்க வாசிக்க, நான் தகப்பன் கட்டங்களில் தாய்மாரை அடித்தேன். மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் கூடத் தந்தது. முதுகு விட்டுப்போயிற்று. ஏன் வந்தேன், எதற்கு இந்தப் படிப்பைப் படித்தேன் என்று பலமுறை என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசிப் பேரையும் அடித்த பிறகு செயலாளர் தேத்தண்ணி வாங்கப் போனார். நான் என் பேரை அடித்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்? அப்பாவின் பேரைப் போட்டால் போதும், அந்த முட்டாள் புரோகிராம் அப்பாவின் குடியைத் தந்துவிடும். விரல் கொஞ்ச நேரம் நின்றது. அன்றைக்கும் வாசலில் வந்து காத்திருந்தவள் உள்ளே வந்து என்னவும் உதவி வேணுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். பிறகு ஒன்றரை நாளாக மற்ற எல்லோருக்கும் செய்ததையே செய்தேன். அந்தக் கட்டத்தில் அம்மாவின் பேரை அடித்தேன். புரோகிராம் ‘ஏனையோர்’ என்று எழுதியது. அந்த ஒரு வரியை மட்டும் சேமிக்காமல் மூடினேன்.

பிறகு டீ டிரைவில் இருந்த புதியதை நீக்கினேன். நிச்சயமாக நீக்கவா என்று மெசின் கேட்டது. ஒருமுறைதான் கேட்டது. எதை அழிக்கும் முன்னும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைப்பது என் பழக்கம். இதையும் முன்னமே எடுத்திருந்தேன். அது இன்னும் என் மேசையின் இழுப்பு லாச்சியில் கிடக்கிறது.

நோட்டீசுக்கான பட்டியல் பிரிண்டரில் வந்தது. அவள் தாளை வாங்கி, தன் பேரில் விரலை வைத்து, இரண்டாம் தரமும் வாசித்தாள். அம்மாவிடம் காட்டிவிட்டு வரலாமா என்று செயலாளரிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, எனக்கும் அலுப்புக் கொஞ்சம் விட்டதுபோல இருந்தது. படியில் இறங்கப் போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவரை மனதுக்குப் பிடித்துவிட்டால் அடுத்துக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

“நீங்க என்ன குடி, டீச்சர்?”

“நான் கம்பியூட்டர் பாக்க வந்த ஆள், புள்ள,” என்றேன்.