ஓநாய் மேல் பழி போட்ட முகம்

எங்கள் குடியிருப்பில் அவளுக்குப் பெயரே படக்காரி. குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் போடுவது தொழில். பதினைந்து வருஷமாக முயலும் யானையும் வரைந்து அலுத்தவளுக்கு, போன வருஷம் ஒரு தலைகீழ்க் கதை கிடைத்தது. காட்டு வழியில் கூடையோடு போகும் சிறுமி, குறுக்கே வரும் ஓநாய், ஊரறிந்த கதைதான். ஆனால் இதில் ஓநாய் பரம சாது. கூடையிலிருந்த கேக்கை வழியிலேயே தின்றுவிட்டு, பழியை ஓநாய் மேல் போடுகிறவள் சிறுமி.

ஓநாய் ஒரே நாளில் வந்துவிட்டது. சிறுமியின் முகம்தான் வரவில்லை. பொய் சொல்கிற முகம் வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கோபமும் வரக் கூடாது. இருபது தாளைக் கிழித்துப் போட்டாள்.

அந்த வாரம் அவளுடைய எட்டு வயது மகள் மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டு, பூனை தட்டிவிட்டது என்று சாதித்தாள். வாய் திட்டிக்கொண்டிருக்க, படக்காரியின் கை பென்சிலை எடுத்துக்கொண்டது. தூக்கிய புருவம், உள்ளே மடிந்த கீழுதடு. அழ ஆரம்பித்த பிள்ளையிடம், "இரு இரு, அசையாதே" என்றாள். வரைந்து முடித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கினாள்.

அந்த முகத்தோடு வந்த புத்தகம் நன்றாகப் போனது. பள்ளிக்கூட நூலகத்துக்கும் போனது. மூன்றாம் நாளே மகளுக்கு வகுப்பில் 'கேக்குத் திருடி' என்று பெயர். யாருடைய பென்சில் காணாமல் போனாலும் அவள் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்த்தார்களாம். டீச்சர் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

அடுத்த அச்சிலாவது முகத்தை மாற்றித் தருகிறேன் என்று பதிப்பகத்தில் கெஞ்சினாள். அந்த முகத்துக்காகத்தானே வாங்குகிறார்கள் என்று சிரித்துவிட்டார் பதிப்பாசிரியர்.

வேறு வழி தெரியாமல் வகுப்புக்கே போய் நின்றாள். அது தன் சின்ன வயசு முகம், பழைய போட்டோவைப் பார்த்து வரைந்தது என்றாள். பிள்ளைகள் உடனே நம்பினார்கள். அப்படியானால் கேக்கைத் தின்றது நீங்களா ஆன்ட்டி என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றதும் வகுப்பே சிரித்தது. மகள் மட்டும் டெஸ்க்கைப் பார்த்தபடி இருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "இனிமே உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடி" என்றாள் படக்காரி.

"மாட்டாங்க" என்று மகள் ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு நான் அழுதேன்ல? முதல்ல என்னைத் தூக்கிட்டு, அப்புறமா வரைஞ்சிருக்கலாம்லம்மா?"

தூக்கியிருந்தால் அந்த முகம் போயிருக்கும். அதுதான் நிஜமான பதில். படக்காரி மகளின் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.