ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக வேண்டிக்கொண்ட மழை

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது இவர் சட்டையின் முதுகுப்பக்கம் என் கன்னத்தில் உரசும். வியர்வை காய்ந்து, உப்புப் பூத்து, கஞ்சி போட்ட துணி மாதிரி மொரமொரப்பாக இருக்கும்...

2006. தையில் கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்திருந்தேன். பொம்மையார்பாளையத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு வேலை. இவருக்கும் மாமாவுக்கும் குத்தகைக்கு எடுத்த உப்பளத்தில். விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். வீட்டிலோ ஒரே ஹால். அதில் அத்தை, மாமா, நாத்தனார், நாங்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்னதான் பேசிவிட முடியும், நீங்களே சொல்லுங்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்குமான அந்த சைக்கிள் பயணம்தான் எங்களுக்கென்று இருந்தது. அதில்தான் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கழுவெளி ஏரிக்குப் போக பிளான் போட்டோம். முதலில் புளிசாதம் மட்டும். அடுத்த வாரம் அவித்த முட்டை சேர்ந்தது. அப்புறம் உட்கார ஒரு பழைய பெட்ஷீட், நாத்தனாரின் ரேடியோ... பிளான் மட்டும் நன்றாக வளர்ந்தது.

"அங்க போய் என்னங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காந்துட்டு வரலாம்."

அந்த 'சும்மா'வுக்காக ஏங்கிப்போனேன்.

ஆனால் எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. உப்புக்கு ஏது ஞாயிறு? வெயில் அடித்தால் வேலை, மழை பெய்தால்தான் லீவு. மழை பெய்தாலோ பாத்தியில் விளைந்த உப்பு மொத்தமும் கரைந்துவிடும். அதனால் சீசன் முடியும்வரை அந்த வீட்டில் மழை என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பூத்துக்குள் உட்கார்ந்தபடியே மாரியம்மனிடம் கேட்டேன்... ஒரே ஒரு மழை, தாயே.

சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. அத்தை வாசற்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "வார வேண்டிய உப்பு... போச்சு" என்று மட்டும் சொன்னார் மாமா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் அத்தையேதான், "இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? ரெண்டு பேரும் எங்கனா போய்ட்டு வாங்க" என்றார். அது இன்னும் சுட்டது.

அந்த வருஷம் பங்குனியிலும் ஏரியில் தண்ணீர் இருந்தது. தூரத்தில் நாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. ஆசைப்பட்டபடியே எல்லாம் இருந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏங்க... மழை வரணும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன்."

இவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவித்த முட்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"நானுந்தான்" என்றார். "அப்பாகிட்ட சொல்லிடாத."

அழுதுகொண்டே சிரித்தேன். பொழுது சாயும் வரைக்கும் சும்மாவே உட்கார்ந்திருந்தோம்.

இப்போது சென்னையில் இருக்கிறோம். இவருக்கு கம்பெனி வேலை, வாரம் இரண்டு நாள் லீவு. ஈ.சி.ஆரில் ரூம் வேண்டுமென்றால் போனிலேயே புக் பண்ணிவிடலாம். போகிறோம், ஏ.சி.யில் படுத்து ஆளுக்கொரு போனைப் பார்க்கிறோம், திரும்பி வருகிறோம்...

மாமா இப்போது இல்லை. குத்தகையையும் விட்டாயிற்று. போன வாரம் இங்கே நல்ல மழை. எங்கள் வீட்டில் யாருக்கும் நஷ்டமில்லாத மழை. பால்கனியில் இவர் பக்கத்தில் போய் நின்றேன். இப்போதெல்லாம் நினைத்தால் கிடைத்துவிடுகிற நாட்கள்தான். ஆனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்ட மாதிரி, அதற்கப்புறம் எந்த நாளையும் நான் கேட்கவே இல்லை.