உரித்துப் பார்க்கும் சத்யப்ரியா

முன்னிருக்கையின் முதுகில் யாரோ ஒட்டிவிட்டுப் போன மூலம் பௌத்திர விளம்பரத்தைச் சத்யப்ரியா நகத்தால் உரித்துக்கொண்டிருக்கிறார். விளம்பரத்தின் மேல் அவருக்குக் கோபம் ஒன்றுமில்லை. வெயில் படும் ஜன்னல் பக்கம் பசை இளகி நூல் நூலாக இழுபடுகிறது. நிழல் பக்கம் மொறமொறவென்று காய்ந்து கிடக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்த்தால், "ஒண்ணுமில்லீங்க, எப்படி ஒட்டியிருக்காங்கன்னு பாக்கறேன்" என்று சிரிப்பார். ஓசூரில் ஏறிய பஸ் சூளகிரி போய்ச் சேர்வதற்குள் வைத்தியரின் போன் நம்பர் பாதி போயிருக்கும்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஊறுகாய் பாட்டில் வாங்கினால் முதலில் லேபிள் கழலும், அப்புறம்தான் மூடி. குளியலறைக் கண்ணாடியில் நாலைந்து கம்பெனி ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக இருக்கும். வெந்நீர் ஆவியில் எது முதலில் விழுகிறது என்று பார்ப்பதற்காம். அப்படி விழுந்த ஒன்று துண்டில் ஒட்டி, துண்டிலிருந்து கணவர் அசோக்குமாரின் கன்னத்துக்குப் போய், அவர் அப்படியே வேலைக்குப் போய்விட்டார். கம்பெனி பஸ்ஸில் ஒரு வாரம் அவரைப் படாத பாடு படுத்தினார்கள். "என்னைய மட்டுந்தான் இன்னும் உரிச்சுப் பாக்கல" என்பார் அவர். "அது கல்யாணமான புதுசுலயே பாத்தாச்சு" என்பார் சத்யப்ரியா.

சிப்காட்டில் ஒரு சின்ன லென்ஸ் கம்பெனியில் அவர் வடிவமைப்பாளர். சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். வேலைக்காக வந்தவர், காய்கறிக்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசித் தெலுங்கில் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு ஓசூர்க்காரியாகிவிட்டார். நல்ல கேமரா லென்ஸ் ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு வகைக் கண்ணாடிகளைப் பசை வைத்து ஒன்றாக்கினால்தான் படத்தின் ஓரத்தில் நிறம் சிதறாமல் இருக்கும். சாதாரணச் சூட்டில் அவை சமர்த்தாக இருக்கும். சூடு ஏறினால்தான் தகராறு, இரண்டும் ஒரே அளவில் விரியாது. "புருஷன் பொண்டாட்டி கதைதாங்க. ஒண்ணு சட்டுனு எகிறும், இன்னொண்ணு அசையாது. நடுவுல நிக்கற பசைதான் பாவம், ரெண்டு பேரையும் சமாளிக்கணும்" என்று விளக்குவார்.

சூளகிரியை அடுத்த ஒரு பட்டறைக்காகத்தான் அவர் இந்தச் சமாளிப்பில் இறங்கினார். அங்கே இரும்புக் கட்டிகளை உலையில் பழுக்கவைத்து, சம்மட்டி எந்திரத்தில் அடிப்பார்கள். உலைச் சுவரில் ஒரு துளை. அதில் கண்ணை வைத்துக் கட்டியின் நிறம் பார்த்து, "எடு" என்று சொல்வது திம்மப்பனின் வேலை. வருடக்கணக்காக நெருப்பைப் பார்த்ததில் வலது கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண்ணிலும் மங்கல் தொடங்கியிருந்தது. இனி உலையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்காவிட்டால் வேலை ஏது? அதனால் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டு ஒரு கேமராவைப் பொருத்தி, டிவியில் நிறம் பார்க்கலாம் என்று யோசித்தார்கள். கேமராவின் முகப்பில் சத்யப்ரியாவின் லென்ஸ்.

"நம்ம கண்ணே நிக்கலம்மா, ஒங்க கண்ணாடி நிக்குமா?" என்று முதல் நாள் திம்மப்பன் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

முதல் லென்ஸில் பசை சூட்டுக்கு மஞ்சளித்தது. இன்னும் சிவப்பிலேயே இருந்த கட்டிகூட மஞ்சளாக, நன்றாகப் பழுத்த மாதிரி டிவியில் தெரிந்தது. "பொய் சொல்லுதும்மா இது" என்று திம்மப்பன் மறுபடி துளைக்கே போனார். அடுத்ததில் பசை ஓரத்தில் மீன் செதில் மாதிரி விட்டுப்போனது. பட்டறை முதலாளி கறாராகச் சொன்னார்: "இன்னொரு வாட்டி உரிஞ்சுதுன்னா கேமராவக் கழட்டிடுவேன். திம்மப்பனே பாத்துக்கட்டும்." அன்று மத்தியானம் சத்யப்ரியா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

புதிதாக ஒரு பசை பிடித்தார். ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும், மஞ்சளிக்காது. ஆனால் இழுபட இடம் வேண்டும். அதற்குப் பசை தடிமனாக இருக்க வேண்டும். லென்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. பசை இருப்பதே தெரியாமல் மெல்லிசாக ஒட்டுவதுதான் அந்தத் தொழிலின் கௌரவம். வரைபடத்தில் தடிமனைப் பெரிதாக எழுதிவைத்தார். சோதனை அடுப்பில் வைத்தார்கள், உரிந்தது. அடுப்பைத் திட்டினார். பசை விற்றவனுக்குப் போன் போட்டுத் திட்டினார். ஒட்டும் மேசையில் இருக்கும் நாகம்மாளையும் விடவில்லை. மறுநாள் ஒட்டும்போது பக்கத்திலேயே நின்று, நாகம்மாள் சரியாக வைத்ததை வாங்கிப் பார்த்தார். பசை தடித்துத் தெரிந்தது. அவருடைய கட்டைவிரல் தானாகப் போய் அதை அமுக்கியது.

விரலைச் சட்டென்று எடுத்தவர், "நேத்தும் இந்த விரல்தான் அமுக்கி மெல்லிசாக்கியிருக்கு, திட்டுனதுக்கு மன்னிச்சுக்க நாகம்மா. இனிமே நான் தொட்டா என் கையில ஒண்ணு போடு" என்றார். நாகம்மாள் சும்மா விடுவாரா? "மேடத்த அடிக்கச் சம்பளம் குடுக்கற கம்பெனி வேற எங்க கீது?" என்று சொல்லிக்கொண்டே அன்றைக்கு இரண்டு முறை போட்டார். இப்படித் தன் தப்பை ஊரறியச் சொல்லிச் சிரிக்கும் மனுஷியைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

அவர் விரல் படாமல் ஒட்டிய லென்ஸ் அடுப்பில் நின்றது. உலையில் நிற்குமா என்பதுதான் கேள்வி. பட்டறையில் பொருத்திய அன்று ஷிப்ட் முழுக்க சத்யப்ரியா டிவியை விட்டு நகரவில்லை. சத்தத்தில் காது அடைத்தது, புடவையெல்லாம் கரி. கட்டிகள் சிவந்தன, ஆரஞ்சாயின, வெளிறிய மஞ்சளுக்கு வந்தன. பசை ஓரத்தில் விடவில்லை. திம்மப்பன் டிவியைப் பார்த்தே "எடு" என்றார், மறுபடியும் "எடு" என்றார். ஷிப்ட் முடியும் நேரம் பட்டறை முதலாளி வந்து நின்றார். "என்னா திம்மப்பா, நம்பலாமா?"

"நல்லாத்தான் காட்டுது சாமி. எதுக்கும் ஒரே ஒரு தரம் நேர்ல பாத்துடறேன்" என்று திம்மப்பன், உலை பார்க்கப் போடும் நீலக் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தபடி துளையை நோக்கி நடந்தார்.

"குடுங்கண்ணே." சத்யப்ரியா அதை அவர் கையிலிருந்து வாங்கித் தான் மாட்டிக்கொண்டார். குனிந்து துளையில் பார்த்தார். அனல் முகத்தில் அறைந்தது. டிவியைத் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் துளையில் பார்த்தார். நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் கண்ணீர். "அதே நெறந்தாண்ணே. துளிகூட மாத்தமில்ல."

திம்மப்பன் தன் கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். சத்யப்ரியா அதை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.