சங்கக் கூட்டத்துக்கு வெளியே

வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்ததும் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் மருந்தறையில் எனக்கு வேலை கிடைத்தது. தொழிலாளர் சங்கத்தில் பேசுபவர் யாரென்று தெரிந்தால் மானேஜர் வேலையைவிட்டு நிறுத்திவிடுவார் என்பது வந்த சில நாட்களிலேயே புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் தங்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். பஞ்சு, துணிச் சுருள், களிம்பு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்துப் போனேன். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் கை வேகாமல் காக்கும் விதத்தைச் சொல்லி முடித்தேன். தோல் பதனிடும் மரப்பட்டையைச் சுமக்கும் கன்னியம்மா எழுந்தாள்.

"நர்சம்மா, இனிமே சங்கத்துப் பேச்சு. நீங்க வெளிய இருங்க."

"நான் உங்க பக்கம்தானே?"

"என் வூட்டுக்காரரும் என் பக்கம்தான். சங்கத்துல சேரல, அதோ புளியமரத்தடியில குந்திக்கினு இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். என்னை நம்பவில்லையே என்று முகம் சுண்டிப்போய் வெளியே வந்தேன். அவள் கணவர் வேர்க்கடலை கொடுத்தார்.

"உள்ள பேசறத வூட்லயும் சொல்ல மாட்டா," என்றார்.

மறுநாள் மானேஜர் கூப்பிட்டார். "நேத்து கூட்டத்துல யாரு இன்னா பேசினாங்க?"

"தெரியாதுங்க. மருத்துவம் சொன்னதும் என்னை அனுப்பிட்டாங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பொய் சொன்னால் எனக்குக் குரல் நடுங்கும். அன்று நடுங்கவில்லை. போகச் சொன்னார். யாருக்கும் வேலை போகவில்லை.

தோள் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த கன்னியம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அதுக்குத்தான் வெளிய இருக்கச் சொன்னது," என்றாள்.

இப்போது யாருக்குக் கட்டுப் போட்டாலும் புண்ணைப் பற்றி மட்டுமே கேட்கிறேன். அவர்களாக வேறு பேச்சு எடுத்தாலும், "அத கூட்டத்துல பேசிக்குங்க" என்று சொல்லிவிடுகிறேன்.