குடிக்காதவரின் ஈரல்

1991-இல் நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளின் ஈரலை வெட்டிக்கொண்டிருந்தேன். கதிர்வீச்சு பட்ட எலியின் ஈரலை உறையவைத்து, மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றுவேன். நுண்ணோக்கியில் கொழுப்பு மட்டும் சிவப்புத் துளிகளாகத் தெரியும். கதிர் படாத ஈரலில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருக்கும். பட்டதில் ஒவ்வொரு செல்லும் நிறைந்திருக்கும்.

அக்கா படப்பையில் இருந்தாள். அவள் கணவரை மாமா என்பேன். மறைமலை நகரில் கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங்கைப் படம் எடுத்துச் சோதிக்கிற வேலை அவருக்கு. படம் எடுக்கும் கதிர்வீச்சுப் பொருள் ஒரு குண்டுமணி அளவுதான் இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு குழாய் வழியே வெளியே போய்த் திரும்பும். அந்தக் கோடையில் ஒருநாள் அது திரும்பாமல் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அது தெரியாமல் மாமா குழாயைச் சுருட்டி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார். அன்று மாலையே வாந்தி. சில நாட்களில் வலது விலாவுக்குக் கீழே தோல் சிவந்து உரிந்தது. வெயில் கொப்புளம் என்றார் சூப்பர்வைசர்.

ஆவணிக்குள் வயிறு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியால் ஈரல் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு மண்டியிருக்கிறது, எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று டாக்டர் அக்காவைக் கேட்டார். குடிப்பதே இல்லை என்று அவள் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. குடிப்பழக்கம் என்றே எழுதினார். அந்தத் தாளைக் காட்டிக் கம்பெனி கைகழுவிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா அவர் வாயை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். வெளியே போய்விட்டு வந்தால் அவரே அவள் முன் நின்று வாயைத் திறப்பார்.

கதிராலும் ஈரலில் கொழுப்பு சேரும் என்று எழுதித் தரச்சொல்லி என் பேராசிரியரிடம் ஒரு கடிதம் கேட்டேன். எலியை வைத்து மனிதனுக்கு எழுத முடியாதும்மா என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போய், நான் பார்த்ததை இருவரிடமும் சொன்னேன்.

"அப்ப குடிக்காமயே வருமா?" என்றாள் அக்கா.

"வரும்க்கா. மாமா குடிக்கலன்னு உனக்கே தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமா கேட்டார்: "அந்த எலிங்க அப்பறம் இன்னா ஆவுது?"

"தெரியாது மாமா. மூணாம் நாளே ஈரலுக்காகக் கொன்னுடுவோம்."

"செரி" என்றார்.

ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்: "அவரு குடிக்கமாட்டாரு."